கொக்கிடம் கொடுத்த வோட்டு

ஒரு காட்டின் நடுவே ஆறு ஓடியது. காடு ஒன்றுதான், கரை இரண்டு. கரைக்கு ஒரு விதி.

இரண்டு கரையிலும் தேர்தல் பௌர்ணமி அன்றுதான். அந்தந்தக் கரைக் குன்றின் உச்சியில் நிற்கும் இலுப்பை மரத்தின் பொந்தில் வோட்டுப் போட வேண்டும். ஏற முடியாதவர்கள் முன்னதாகவே கொக்கிடம் கொடுத்தனுப்பலாம்.

கீழ்கரையில் பௌர்ணமி அன்று கொக்கிடம் கொடுத்துவிட்டால் போதும். அது எப்போது வந்து சேர்ந்தாலும் வோட்டு செல்லும். மேல்கரையிலோ, சூரியன் மறைவதற்குள் வோட்டு பொந்துக்குள் விழுந்திருக்க வேண்டும். அங்கே அணில்கள் அதிகம். பொந்தை இரவெல்லாம் திறந்து வைத்தால் விடியும்போது ஒரு வோட்டும் மிஞ்சாது.

அந்தக் கோடையில் மேல்கரைச் சுனைக்கு ஒரு காவலர் தேவைப்பட்டது. மிளா மானும் நரியும் போட்டியிட்டன.

"குட்டியும் குஞ்சும் முதலில் குடிக்கட்டும்" என்றது மிளா.

"முதலில் நான் வயிறு நிறையக் குடிப்பேன். தண்ணீர் நல்லதுதானா என்று யாராவது பார்க்க வேண்டாமா?" என்றது நரி.

மிளாவுக்குப் போடுவது புளியங்கொட்டை. நரிக்குப் போடுவது குன்றிமணி.

சுனையருகே பள்ளத்தில் ஆமைகள் வாழ்ந்தன. அவற்றின் குஞ்சுகள் அப்போதுதான் முட்டையை உடைத்து வெளியே வந்திருந்தன. ஆமைகளின் புளியங்கொட்டைகள் பொந்துக்குப் போய்விட்டால் தன் கதை முடிந்தது என்று நரிக்குத் தெரியும். அது மெல்லப் பள்ளத்துக்கு இறங்கி வந்தது.

"என்ன ஆமை அக்கா, இப்போதே புறப்பாடா? பௌர்ணமி அன்று கொக்கிடம் கொடுத்தால் போதுமே! என் மாமியார் வீட்டில் எல்லோரும் அப்படித்தான்."

"மாமியார் வீடு எந்தக் கரை, தம்பி?"

"எந்தக் கரையானால் என்ன அக்கா? காடு ஒன்றுதானே!"

நரி சிரித்துக்கொண்டே போனது. ஆமை சிரிக்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்காத ஆமை அது. கழுத்தை நீட்டிக் கொக்கைக் கூப்பிட்டது.

"கொக்கு அண்ணா, நரி சொல்வது சரியா?"

"கீழ்கரைக்குச் சரி. உனக்குச் சரியில்லை" என்றது கொக்கு. "இன்றே கொடுத்துவிடு அம்மா. வழியெல்லாம் குளம். மீன் துள்ளினால் எனக்குக் கால் நின்றுவிடும்."

அன்றே பள்ளத்து ஆமைகள் எல்லாம் கொட்டைகளை இலையில் பொதிந்து கொடுத்தன. கொக்கு பறந்தது, இரண்டு குளத்தில் நின்றது, ஆனாலும் நல்ல நேரத்திலேயே போய்ச் சேர்ந்தது.

பௌர்ணமி வந்தது. நரி மலர்மாலையும் கழுத்துமாக இலுப்பை மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. மேல்கரையின் கோடியில் பாறைக்குகையில் வாழும் அதன் பங்காளிகள், அந்தப் பெரிய நரிக்கூட்டம், அனுப்பும் குன்றிமணிகளுக்காக வழி பார்த்தது.

சூரியன் மறைந்தது. தேர்தலை நடத்திய முள்ளம்பன்றி பொந்தைக் கல்லால் அடைத்தது. புளியங்கொட்டையே அதிகம், மிளா வென்றது.

நிலா எழுந்தபின் கொக்கு ஒரு பெரிய பொதியோடு வந்து இறங்கியது. பிரித்தால், அத்தனையும் குன்றிமணி! பின்னாலேயே பங்காளி நரி மூச்சிரைக்க ஓடி வந்தது.

"அண்ணே, ஜெயித்துவிட்டோமா?"

"அடப் பாவி! இன்றைக்குத்தான் அனுப்புவதா? எவன் சொன்னான் உனக்கு?"

"நீதானே அண்ணே சொன்னாய்! ஆமையிடம் நீ சொன்னதைப் புதருக்குப் பின்னாலிருந்து கேட்டேன். நம் அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம்."

முள்ளம்பன்றி குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் அதன் முட்களெல்லாம் கலகலத்தன.

மறுநாள் காலை சுனையில் திருவிழாதான். குட்டிகள் குதித்தன, குஞ்சுகள் தண்ணீரில் மூக்கை நனைத்துத் தும்மின. வரிசையின் கடைசியில் நரி நாக்கைத் தொங்கவிட்டு நின்றது. அதற்கு முன்னால் ஆமைக் குஞ்சுகள் ஒவ்வொன்றாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தன.

ஆமைக் குஞ்சுகளுக்கு எதிலும் அவசரம் கிடையாது.

நீதி: பக்கத்து ஊர் விதி உண்மையாகவே இருக்கலாம், நம் ஊர் விதியை நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.