கரடி தேர்ந்தெடுத்த வைத்தியம்

பலாமரங்கள் அடர்ந்த காட்டில் கம்பளியப்பன் என்றொரு கரடி இருந்தது. காட்டுக்கே வைத்தியம் சொல்லும் வாய் அதற்கு. அந்த வாயிலேயே ஒருநாள் இரத்தம் கசிந்தது. ஈறு வீங்கியது. கோரைப்பல் ஒன்று ஆடியது. அது கொட்டாவி விட்டால் பக்கத்து மரத்துக் குருவிகள் கூட்டை மாற்றிக்கொண்டன.

"பல் போச்சுன்னா பலாவை எப்படிக் கடிக்கிறது?" கரடிக்குப் பயம் பிடித்தது. பல் வைத்தியம் தெரிந்த முள்ளம்பன்றி முள்ளாயியிடம் ஓடியது.

"அண்ணே, வாயைத் திறங்க! அப்பப்பா! பல்லடியில அழுக்கு காரையாப் படிஞ்சு கல்லாட்டம் இறுகிக் கிடக்கு. என் முள்ளால சுரண்டிட்டா ஈறு தேறிடும். அப்புறம் தினமும் வேலங்குச்சியால விளக்கணும், தேனைக் குறைக்கணும். தள்ளிப்போட்டா ஈறைக் கீறிச் சுத்தம் பண்ணணும். அதையும் தள்ளிப்போட்டா பிடுங்குறதுதான்!"

"தொடாமலே ரத்தம் வருது! நீ முள்ளால சுரண்டினா என்ன ஆவேன்?"

கரடி எடுத்த ஓட்டம், சடையன் என்ற குரங்கின் அத்திமரத்தடியில்தான் நின்றது.

சடையன் வாயைப் பார்க்கவே இல்லை. "உனக்கு எந்த மருந்து பிடிக்கும்?" என்று மட்டும் கேட்டது.

"தேன்!"

"அப்போ தேன்தான் மருந்து! ஈறு முழுக்கத் தடவு. நீ எடுக்கிற தேன்ல ஆளுக்குப் பாதி!"

நோயாளி கேட்டதும் பால், வைத்தியர் சொன்னதும் பால் என்பார்களே, அந்தக் கதைதான். கம்பளியப்பன் தன் ஆயுளில் எந்த மருந்தையும் அத்தனை ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை. காலையில் தேன். மாலையில் தேன். வலி கூடினால் கூடுதல் தேன். "வைத்தியம்னா இப்படி இருக்கணும்!" என்று விரலை நக்கிக்கொண்டது.

பலா பழுத்தது. முதல் பழத்தை ஆசையாகக் கடித்தது கரடி. சுளைக்குள் நீளமாக, வெள்ளையாக ஏதோ குத்திக்கொண்டு நின்றது.

"அட, இந்த மரத்துக் கொட்டை வேற மாதிரி இருக்கே!"

நாக்கால் வாயைத் துழாவியது. கோரைப்பல் இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. முதலில் அதற்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே தன் புத்தியை நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நேராக முள்ளாயியிடம் ஓடியது.

"முள்ளாயி! கீறணும்னா கீறு, சுரண்டணும்னா சுரண்டு! மிச்சப் பல்லையாவது காப்பாத்து!"

முள்ளாயி ஈறைக் கீறியது, காரையைச் சுரண்டியது. வலித்தது, இரத்தமும் வந்தது. கரடி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பொறுத்தது. மெல்ல மெல்ல ஈறு இறுகி, மற்ற பற்கள் நிலைத்தன. போன பல் போனதுதான்.

இப்போதெல்லாம் யாராவது வைத்தியம் கேட்டால் கம்பளியப்பன் வாயைத் திறந்து பல் போன அந்த ஓட்டையைக் காட்டும். "பாத்தீங்களா? என் அறிவு வெளியே போன வாசல் இதுதான்! நான் எங்கே மருந்து தேடினேன்? தேன் திங்க ஒரு சாக்குத் தேடினேன்!"

நாக்கைக் கேட்டு வைத்தியத்தைத் தேர்ந்தெடுத்தால், பல்லைத்தான் பறிகொடுக்க வேண்டும்.