நாளைக் காலை வரும் கார்

சாவைப் பற்றி வீடு வீடாகப் போய்க் கேட்பதும் ஒரு வேலையா என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். சங்கரேஸ்வரிக்கு அதுதான் வேலை. உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ தீராத நோய் வந்தால் கடைசி நாட்களை எங்கே கழிக்க வேண்டும், வைத்தியம் எதுவரை வேண்டும் என்று கேட்கும் சுகாதார ஆய்வு. ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும். ஆளுக்கு ஆள் கேள்வியில் ஒரு சொல்கூட மாறக் கூடாது. கிடைத்த பதிலை, கட்டிய கணவனே வந்து கேட்டாலும் வெளியே விடக் கூடாது. அப்படி வாக்குக் கொடுத்த பிறகுதான் கேள்விக்கே போக வேண்டும்.

சாத்தூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் குருவையா அவளை வாசலிலேயே மடக்கினார். "என் வீட்டுக்காரிக்குப் புத்துநோய்னு தெரியாதும்மா. வயித்துப்புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ எதையும் ஒளறிராத." நோயின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றாள் அவள். தன் முறை வந்தபோது அவர் தயங்கவே இல்லை. "நாளைக்குக் காலையில கார் வருது. மதுரையில சேக்கப் போறேன். மிஷின்ல வச்சாவது கடைசி மூச்சு வரைக்கும் பாப்பேன். அவ ஆசையும் அதுதான்."

அடுத்து, உள்ளறையில் அவர் மனைவி சீனித்தாய். கேள்வி முடிந்ததும் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் தெரியும் தாயி. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவுக ஒடஞ்சிருவாக. அதான் வயித்துப்புண்ணுன்னே நடிக்கேன். கொழாயும் வேண்டாம், மிஷினும் வேண்டாம். வலிக்கு மருந்து குடுத்தாப் போதும், இந்த வீட்டுலயே போயிரணும்."

பஸ் நிறுத்தத்தில் சங்கரேஸ்வரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பஸ்ஸை விட்டாள், அடுத்ததையும் விட்டாள். சொன்னால் வாக்குப் போச்சு. சொல்லாவிட்டால் அந்த அம்மா முன்பின் தெரியாதவர்கள் நடுவே மிஷினில் கிடந்து சாக வேண்டும். பாழாய்ப்போன வேலை என்று வாய்விட்டே திட்டினாள். பிறகு வந்த வழியே விடுவிடுவென்று திரும்பி நடந்தாள். கணவனையும் மனைவியையும் ஒன்றாகக் கூப்பிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னாள். யாருடைய பதிலும் அதில் இல்லை.

வாக்கும் தவறாமல், சீனித்தாயின் ஆசையும் வீணாகாமல் அவள் என்ன சொல்லியிருப்பாள்? யோசித்துவிட்டுக் கீழே பாருங்கள்.

விடை: பூட்டிவைக்க வேண்டியது பதிலைத்தான், கேள்வியை அல்ல. "உங்க ரெண்டு பேர்கிட்டயும் நான் கேட்டது ஒரே கேள்விதான், ஒரு வார்த்தைகூட மாறல" என்றாள் சங்கரேஸ்வரி. குருவையா மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அப்படியானால் இவளிடமும் சாவைப் பற்றித்தான் கேட்டிருக்கிறது இந்தப் பெண். "நீ என்ன சொன்ன?" என்று கேட்டார். சீனித்தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மொதல்ல அந்தக் காரை வர வேண்டாம்னு சொல்லுங்க. சொல்லுதேன்."