மாரிச்செல்வத்தின் பந்துவீச்சு

குருவுக்கும் சீடருக்கும் ஒரே வயது. ஒரே வருடம் ஒரே அணிக்குள் வந்து, ஒருவர் இந்த முனையிலிருந்தும் மற்றவர் அந்த முனையிலிருந்தும் புதுப்பந்து வீசியவர்கள். பிற்காலத்தில் ஒருவர் குருவாகவும் மற்றவர் சீடராகவும் ஆகிப்போனார்கள். காலம் செய்கிற குறும்புகளில் இதுவும் ஒன்று.

குருவின் பெயர் தண்டபாணி. கோயம்புத்தூருக்கு வெளியே மைதானம் வைத்திருந்த ஒரு கிரிக்கெட் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். சீடர் சூசைராஜ், தூத்துக்குடிக்காரர். முப்பது வயதில் முதுகெலும்பில் விரிசல் விட்டு ஆட்டத்தோடு முடிந்துபோனவர். எங்கெங்கோ அலைந்துவிட்டு ஒருநாள் நண்பனிடமே வந்து நின்றார்.

"எனக்குப் போடத் தெரியும், பாணி. சொல்லிக் குடுக்கத் தெரியாது. அத நீ சொல்லிக் குடு."

தண்டபாணி அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பந்துவீச்சுப் பயிற்சியாளர் வேலையும் கொடுத்தார். ஆட்கள் முன்னால் சூசைராஜ் அவரை 'மாஸ்டர்' என்பார். தனியாக இருந்தால் பழையபடி 'பாணி'தான்.

ஒரு சீசன் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை உள்ள மாதங்களை ஓய்வுக்காலம் என்று சொல்வார்கள். பவுலர்களுக்கு அதில் ஓய்வு என்று ஒன்று கிடையாது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது, யாரை எங்கிருந்து கொண்டுவருவது என்று மேலே பேச்சு நடக்கும். கீழே இருப்பவர்கள் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த வருடமும் அப்படித்தான். இடதுகைச் சுழல் போடுகிற ஒருவரைச் சேலத்திலிருந்து கூட்டிவந்தார்கள். தோள் வலி, தோள் வலி என்று பாதி ஆட்டங்களில் உட்கார்ந்திருந்தவரைக் கும்பிட்டு வழியனுப்பினார்கள். வேகப்பந்துக்குக் குமரகுரு என்பவர் இருந்தார். நாணயமான பவுலர். வேகம் மட்டும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தது. அவரையே வைத்துக்கொள்வதா, மதுரையிலிருந்து இன்னொருவரை எடுப்பதா என்று முதலாளிகள் கேட்டார்கள்.

"ரெண்டும் வேண்டாம் சார். நம்ம மாரிச்செல்வம் இருக்கான்," என்றார் சூசைராஜ். "எங்கிட்ட விடுங்க. சீசனுக்குள்ள தயார் பண்ணித் தாரேன்."

முதலாளிகள் தண்டபாணியைப் பார்த்தார்கள். தண்டபாணி சூசைராஜைப் பார்த்தார். அப்புறம் தலையசைத்தார். குமரகுருவை அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவர் சூசைராஜின் கையைப் பிடித்துக்கொண்டு, "பையன் அருமையாப் போடறான், பார்த்துக்குங்கண்ணா," என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய மனசுதான்.

மாரிச்செல்வம் விளாத்திகுளத்துப் பக்கம். இருபத்தோரு வயது. கரிசல் காட்டில் டென்னிஸ் பந்தை வீசி வீசித் தானாகவே கற்றுக்கொண்டவன். ஓடி வந்து எம்பும்போது இடுப்பு ஒரு பக்கம் பார்க்கும், தோள் இன்னொரு பக்கம் பார்க்கும். கை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பந்து பேட்ஸ்மேனின் கால்விரலுக்கு வந்துவிடும். அணியின் மூத்த ஆட்டக்காரர்கள், "தம்பி, பார்த்துப் போடு, வீட்ல பிள்ளைகுட்டி இருக்கு," என்பார்கள். கேலியாகத்தான் சொல்வார்கள், ஆனால் காலைப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு சொல்வார்கள்.

அவன் எம்புவதை முதன்முதலில் பார்த்தபோது சூசைராஜுக்கு முதுகு வலித்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே வலித்தது. ஏனென்றால் அது அவருடைய வீச்சு. அதே முறுக்கு. இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் அதே எலும்பில் அதே விரிசல் விடும். அணியின் பிசியோதெரபி பார்க்கிற பெண்ணும் அவனைக் குனியச் சொல்லி நிமிரச் சொல்லிப் பார்த்துவிட்டு, இப்படியே போட்டால் தாங்காது என்றுதான் சொன்னாள்.

"எனக்கு நடந்தது இவனுக்கு நடக்கக் கூடாது, பாணி. நான் மாத்தப் போறேன்."

தண்டபாணி விசிலை எடுத்துக்கொண்டு மற்ற ஆட்டக்காரர்களிடம் போனார்.

சூசைராஜ் மாற்றினார். தரையில் சுண்ணாம்புக் கோடு கிழித்து அதில் பாதம் வைக்கச் சொன்னார். பந்தையே கண்ணில் காட்டாமல், கையில் துண்டைக் கொடுத்து வாரக்கணக்கில் சுழற்ற வைத்தார். போனில் படம் பிடித்து நிறுத்தி நிறுத்திக் காட்டினார். இங்க பாரு, இடுப்பு. இங்க பாரு, முழங்கை. எம்பும்போதெல்லாம் பக்கத்தில் நின்று, "தோளு! தோளு!" என்று கத்தினார்.

மாரிச்செல்வம் தங்கமான பையன். சொன்னதைச் செய்தான், சொல்லாதபோதும் செய்தான். சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கும்போதுகூடப் பாதத்தைத் திருப்பி வைத்துச் சரிபார்ப்பான். அதைப் பார்க்கும்போதெல்லாம் சூசைராஜுக்குப் பெருமை தாங்காது. நினைத்தால் இப்போது வயிற்றெரிச்சலாக இருக்கிறது, அன்றைக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

சீசன் நெருங்கியது. ஒரு பயிற்சி ஆட்டத்தில் புதுப்பந்தை மாரிச்செல்வத்திடம் கொடுத்தார்கள்.

முதல் பந்து விக்கெட் கீப்பர் பாய்ந்தும் எட்டாத தூரத்தில் போனது. அடுத்தது தரையில் படாமலே பேட்ஸ்மேனின் தலைக்கு மேலே பறந்தது. மூன்றாவதுக்கு ஓடி வந்தவன் கோட்டருகே நின்றுவிட்டான். திரும்பிப் போய் மறுபடி ஓடி வந்தான். மறுபடியும் நின்றான். பேட்ஸ்மேன் முதலில் சிரித்தார். பிறகு அவரும் சிரிக்கவில்லை.

சூசைராஜ் உள்ளே ஓடினார்.

"என்னல மாரி?"

"பந்த எப்ப விடணும்னு தெரியலண்ணே."

"ஒண்ணையும் நினைக்காத. சும்மா ஓடி வந்து போடு."

"நினைக்காமத்தாண்ணே வாரேன். எம்புன உடனே உங்க சத்தம் கேக்கு."

அந்த ஆட்டத்தில் சூசைராஜ் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அவன் ஓடி வந்தபோதெல்லாம் எல்லைக் கோட்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"சரி, விடு. நான் சொன்னது எல்லாத்தையும் விட்டுரு. உன் பழைய வீச்சத்தான் போடு."

மாரிச்செல்வம் பந்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நின்றான்.

"முன்னாடி நான் எப்படிண்ணே போடுவேன்?"

குத்திக்காட்டுவதற்காக அவன் கேட்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அடுத்த சில நாட்கள் சூசைராஜ் பட்ட பாடு கொஞ்சமில்லை. போன வருடம் எடுத்த படங்களைத் தேடி எடுத்து அவனுக்குப் போட்டுக் காட்டினார். யாரோ ஊர் பேர் தெரியாத பவுலரைப் பார்ப்பதுபோல மாரி அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு அதுபோலவே வீச முயன்றான். முன்னைவிட மோசமாகப் போனது. டென்னிஸ் பந்தைக் கொடுத்துப் பார்த்தார். அதுவும் பயிற்சி நெட்டின் பக்கவாட்டு வலையில்தான் போய் விழுந்தது.

ஒரு சாயங்காலம் அவனே அவருடைய அறைக்கு வந்தான்.

"அண்ணே, எம்மேலதான் தப்பு. நீங்க இம்புட்டு சொல்லியும் நான் ஒழுங்கா படிச்சுக்கல."

சூசைராஜ் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அணியின் பெயர்கள் முடிவாக வேண்டும். மாரியை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று முதலாளிகள் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். குமரகுருவைத் திரும்பக் கூப்பிடலாம் என்றால் அவர் வேறு அணியில் சேர்ந்துவிட்டிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், சூசைராஜ் நெட்டுக்கு வந்தார். தண்டபாணி தனியாக நின்று ஸ்டம்புகளை நட்டுக்கொண்டிருந்தார்.

"பாணி, நான் அவன் வீச்சக் கொன்னுட்டேன்."

தண்டபாணி ஸ்டம்பின் தலையில் சுத்தியலால் ஒரு போடு போட்டார்.

"நீ ஏன் என்னத் தடுக்கல?"

"நீ எங்கப்பா கேட்டே? மாத்தப் போறேன்னு சொன்னே."

"தப்புன்னா சொல்ல வேண்டியதுதான?"

"தப்புன்னு எனக்கும் தெரியல. உன் முதுகு போன அன்னிக்கு உன்னை மைதானத்துல இருந்து தூக்கிட்டுப் போனதுல நானும் ஒருத்தன். நீ கத்தின கத்தல் இன்னும் காதுல இருக்குது. உங்கிட்ட நான் என்னன்னு சொல்றக்கு?"

"அப்ப முதுகு ஒடியட்டும்னு அவன விட்டிருக்கணுமா?"

"தெரியலப்பா."

குரு தெரியாது என்று சொல்வது எந்தச் சீடனுக்கும் பிடிக்காது. சூசைராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தெரியல, தெரியல. இதச் சொல்லத்தான் உன்ன எல்லாரும் மாஸ்டருங்காங்களா?"

தண்டபாணிக்குக் கோபம் வரவில்லை.

"நீ கேக்க வந்தது இது இல்ல. கேக்க வந்ததக் கேளு."

சூசைராஜ் குரல் இறங்கிக் கேட்டார்.

"அவன் வீச்சு திரும்ப வருமா?"

தண்டபாணி பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து நீட்டினார்.

"நீ போடு."

"நானா? டாக்டர் என்ன சொல்லியிருக்காருன்னு தெரியும்லா?"

"தெரியும்."

"பதினாலு வருஷமா நான் பந்து போடல, பாணி."

"ஒரே ஒரு பந்து போடு."

சூசைராஜ் பந்தை வாங்கினார். எங்கிருந்து ஓடி வர வேண்டும் என்று அவர் யோசிக்கவே இல்லை, கால்கள் தாமாகவே போய் ஓரிடத்தில் நின்று திரும்பின. தொப்பை குலுங்க ஓடி வந்தார். கோட்டருகே எம்பினார். இடுப்பு ஒரு பக்கம் பார்த்தது, தோள் இன்னொரு பக்கம் பார்த்தது. பந்தில் வேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது நேராகப் போய் ஸ்டம்பின் காலடியில் விழுந்தது.

அவரும் விழுந்தார். முதுகில் பாய்ந்த வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கையை ஊன்றிப் புல்லில் கிடந்தபடி மூச்சு வாங்கினார். ஆனால் முகத்தில் சிரிப்பு. எத்தனையோ வருடமாக இல்லாத சிரிப்பு.

"அப்படியே இருக்கு, பாணி! பார்த்தியா? அப்படியே இருக்கு!"

"பார்த்தேன்."

"இம்புட்டு வருஷம் கழிச்சு எனக்கே வருதுன்னா அவனுக்கு வராமப் போகுமா? போன சீசன் வரைக்கும் போட்டவன்தான? எங்க போயிரும்? உள்ளதான கெடக்கும்?"

தண்டபாணி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய முதுகை மெல்ல நீவிவிட்டார்.

"உனக்கு முதுகு மட்டும்தான் போச்சு. உன் வீச்சுல யாரும் கை வெக்கலியேப்பா."

சூசைராஜின் சிரிப்பு போய்விட்டது. வலி மட்டும் இருந்தது.

"அப்ப வரவே வராதா?"

"வரலாம்."

"என்ன செய்யணும், சொல்லு. எதுன்னாலும் செய்யுதேன்."

"நீ ஒண்ணும் செய்யக் கூடாது. அவன் போடற எடத்துல நீ இருக்கக் கூடாது. சாப்பிடற எடத்துல, பஸ்ல, எங்கயும் அவன் கண்ணுல நீ படக் கூடாது."

"வேலைய விடச் சொல்லுத."

"ஆமா."

ஊரில் சூசைராஜுக்கு வேறு பிழைப்பு எதுவும் காத்திருக்கவில்லை. அது இருவருக்குமே தெரியும்.

"இன்னைக்கே போயிருதேன். அவன மட்டும் அனுப்பிராத, பாணி. உன் கால வேணும்னாலும் பிடிச்சுக்கிடுதேன்."

"பேசிப் பாக்கறேன். வெச்சுக்குவாங்களான்னு சொல்ல முடியாது."

"எம்புட்டு நாள் நான் தள்ளி இருக்கணும்?"

"அவன் உன்னை மறக்கற வரைக்கும்."

சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. சூசைராஜ் தண்டபாணியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நிமிர முடியவில்லை. பாதி குனிந்தபடியே நின்று கேட்டார்.

"மறந்துருவானா, பாணி?"

தண்டபாணி அவர் சட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

"நீ நல்லாச் சொல்லிக் குடுத்துட்டியேப்பா."