புங்கமரத்தடியில் தாளாளர்

பள்ளித் தாளாளர் வைரவநாதனுக்குக் கல்வி என்றால் அமைதிதான். "யார் கேள்வி கேட்டாலும் வாசலுக்கு வெளியே நிறுத்து. இல்லேன்னா உனக்கு இங்க வேலை இல்லை" என்று ஆயா பூவாயிக்கு உத்தரவு போட்டார். ஒரே வாரத்தில் பாதி வகுப்பு வெளியே புங்கமரத்தடியில் நின்றது. பூவாயியின் மகளும் அங்கேதான்.

வெள்ளிக்கிழமை பார்வையிட வந்த தாளாளர் காலி பெஞ்சுகளைக் கண்டார். "பிள்ளைங்க எங்கே?"

பூவாயி பணிவாகக் கதவைத் திறந்து பிடித்தாள். "வெளியே வாங்கய்யா."

"யாரு, நானா?"

"இது ரெண்டாவது கேள்விங்கய்யா. என் வேலை போயிடும்."

ஆசிரியைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொந்த உத்தரவை மீற முடியாமல் அவர் வெயிலில் இறங்கினார். பிள்ளைகள் நகர்ந்து நிழலில் இடம் விட்டார்கள்.

பூவாயியின் மகள் அக்கறையாக விசாரித்தாள். "நீங்க என்ன கேட்டீங்க, சார்?"

"நீங்கல்லாம் எங்கேன்னு கேட்டேம்மா" என்றார் தாளாளர். அடுத்த மணிக்குள் எல்லோரும் வகுப்பில் இருந்தார்கள்.