ரசிகப் பூனையின் காது

குளக்கரை இலுப்பை மரத்தில் பொந்துகள் நிறைய. அதில் ஒரு பொந்தில் குண்டுக்கரிச்சான் குருவித் தம்பதி குடியிருந்தது. உள்ளே மூன்று குஞ்சுகள். இன்னும் இறகு முளைக்கவில்லை.

விடிந்ததும் ஆண்குருவி உச்சிக் கிளையில் உட்கார்ந்து பாடும். பத்து நாளாக அதைக் கேட்க ஒரு காட்டுப்பூனை வந்துகொண்டிருந்தது. கண்ணை மூடி, வாலால் தாளம் போட்டுக் கேட்கும்.

"பலே, பாகவதரே! நாளைக்குக் கொஞ்சம் சன்னமாகப் பாடுங்கள். இன்னும் இனிக்கும்!"

பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்? ஆண்குருவிக்குத் தலைகால் புரியவில்லை. பெண்குருவியோ அதைத் தடுத்துக் கேட்டது:

"ஏங்க, பூனைக்கு எதுக்குங்க பாட்டு?"

"இந்தக் காட்டிலேயே ரசிக்கத் தெரிஞ்ச ஆள் அது ஒண்ணுதான். அதையும் விரட்டணுமா?"

"நீங்க பாடுறது மேலே. அதோட காது எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க!"

மறுநாள் ஆண்குருவி பாடிக்கொண்டே கீழே கவனித்தது. பூனையின் கண் மூடியிருந்தது. வால் ஆடியது. காதுகள் மட்டும் பொந்துகளின் பக்கம் திரும்பியிருந்தன. ஆண்குருவிக்குச் சந்தேகம் தட்டியது. பாட்டைச் சட்டென்று பாதியில் நிறுத்தியது.

"பலே! பலே!" என்றது பூனை. வால் இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது!

அந்த நேரம் பார்த்துப் பசியில் ஒரு குஞ்சு, "கீச்!" என்றது. பூனையின் காது விறைத்தது. உடனே ஆண்குருவி, குஞ்சின் சத்தம் அமுங்கும்படி தொண்டை கிழியப் பாடித் தீர்த்தது. எந்தப் பொந்து என்று புரியாமல் பூனை எழுந்து போனது.

"நல்லா ஏமாந்துட்டேன்! சன்னமா பாடச் சொன்னது இதுக்குத்தான்!"

"நாளைக்கும் வரும். அதுக்குப் பிடிச்சதையே பாடிடுங்க" என்றது பெண்குருவி.

மறுநாள் விடிவதற்குள் பெண்குருவி குஞ்சுகளின் வாய் நிறையப் புழுவை ஊட்டி உறங்கவைத்தது. ஆண்குருவி உச்சிக்குப் போகவில்லை. தாழ்வான ஒரு பொந்தின் பின்பக்கம் ஒளிந்துகொண்டு, "கீச்! கீச்!" என்று குஞ்சுபோலவே குரல் கொடுத்தது.

பூனை ஒரே தாவில் ஏறிப் பொந்துக்குள் காலை விட்டது. அது குளவிகள் கூடு கட்டியிருந்த பொந்து!

மூக்கிலும் காதிலும் கொட்டு வாங்கிய பூனை, அலறிக்கொண்டு குளத்தில் விழுந்தது.

"ரசிகரே!" என்று கூப்பிட்டது ஆண்குருவி. "பத்து நாளாக என் பாட்டைக் கேட்டீரே, என் குரல்கூடவா உமக்கு அடையாளம் தெரியவில்லை?"

பூனை கரையேறி ஓடியது, பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக் கேட்கிறவர், எவ்வளவுதான் தலையாட்டினாலும் எதையும் கேட்டவர் ஆகமாட்டார்.