தொங்கலாங்குளத்து உண்ணிகளின் வம்சப் பெருமை

தொங்கலாங்குளத்தில் மூளை இல்லாதவர் என்று யாரும் கிடையாது. தேய்ந்துவிடக் கூடாதே என்று எடுக்காமல் பத்திரமாக வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊருக்குக் கால்நடைக் கல்லூரியிலிருந்து ஓர் அம்மா வந்தார். சங்கிலிமாடனின் நாய் செவலையைப் பிடித்து, அதன் காதுமடலில் இருந்த உண்ணிகளில் நாலைந்தை இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போட்டார்.

"நாய் உண்ணிக்கு ஊருக்கு ஊர் மரபணு மாறுதான்னு பாக்குறோம். பார்வைக்கு எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். ஆனா உங்க ஊர் உண்ணி ஒரு வம்சமாவும், ஆத்துக்கு அந்தப் பக்கம் மேலக்கரை உண்ணி வேற வம்சமாவும் இருக்கலாம். பத்து நாள்ல மறுபடி வரேன். அதுவரைக்கும் இதுகளைக் கொல்லாதீங்க, ஊர் எல்லையைத் தாண்ட விடாதீங்க" என்றார்.

ஊருக்குத் தலைகால் புரியவில்லை. மேலக்கரையைவிட உசத்தி என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் கிடைக்காமல் அறுபது வருஷமாகத் தவித்த ஊர் அது. தார் ரோடு அங்கே, பள்ளிக்கூடம் அங்கே, ரேஷன் கடையும் அங்கே. இப்போது வம்சம் உள்ள உண்ணி இங்கே.

ஊர்த்தலைவர் ஆறுமுகநயினார் கூட்டம் போட்டார். "நம்ம உண்ணி மேலக்கரை உண்ணியோட சம்பந்தம் வச்சிட்டுன்னா, நாளைக்கு வெளியில தலைகாட்ட முடியுமாவே?"

முடியாது என்று எல்லாரும் சொன்னார்கள். சங்கிலிமாடனும்தான் சொன்னான். செவலைக்குப் பொன்னாடை போர்த்தி வேப்பமரத்தில் கட்டிப்போட்டார்கள். அன்றைக்கு மாடன் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

நாலாம் நாள் அந்த நடை போய்விட்டது. உண்ணிகள் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஊதிவிட்டன. செவலை சோற்றைத் தொடவில்லை. வாலாட்டத் தெம்பில்லாமல் அவனையே பார்த்தது. குட்டியிலிருந்து பால் ஊற்றி வளர்த்த நாய். மாடன் தலைவரிடம் ஓடினான்.

"அண்ணாச்சி, நாயி செத்துப்போவும். உண்ணிய பிடுங்கிருதேன்."

"பிடுங்கினா உண்ணி செத்துப்போவும்டே" என்றார் தலைவர். "நாயி எங்கயும் கெடைக்கும். இந்த உண்ணி கெடைக்குமா?"

மாடன் மத்தியானம் வரைக்கும் யோசித்தான். அவன் அவ்வளவு நேரம் யோசித்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணாச்சி, கொல்லக் கூடாதுன்னுதான் அந்த அம்மா சொன்னாவ. நாயி ரத்தந்தான் குடுக்கணும்னு சொன்னாவளா?"

சொல்லவில்லைதான். ஊர் உண்ணிக்கு ஊர்தானே சாப்பாடு போட வேண்டும் என்று முடிவாயிற்று. தலைவர் என்பதால் ஆறுமுகநயினாருக்குக் காதுக்குப் பின்னால் ஆறு உண்ணி. மற்ற ஆண்களுக்குத் தலைக்கு இரண்டு. நாய் கொடுத்த குடும்பம் என்று மாடனை மட்டும் விட்டுவிட்டார்கள். பெண்கள் அடுப்படியிலிருந்தே கும்பிடு போட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். அன்றைக்குச் செவலை இரண்டு தட்டுச் சோறு தின்றது. மாடன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான், சந்தோஷத்தில்தான்.

பத்தாம் நாள் ரேஷன் அரிசி போட்டார்கள். ஆண்கள் போய்க் கைரேகை வைக்க வேண்டும். எல்லாரும் ஊர்ப் பெயர்ப்பலகை வரைக்கும் சொறிந்துகொண்டே வந்து நின்றுவிட்டார்கள்.

"உண்ணி எல்லையத் தாண்டக் கூடாது. உண்ணி நம்ம மேல இருக்கு. அப்ப நாம எப்படித் தாண்ட?" என்று கேட்டார் முத்துக்குட்டி. ஊரில் எட்டாம் வகுப்பு வரை போய் வந்தவர் அவர் ஒருவர்தான்.

"தாண்டவும் கூடாது, அரிசியும் வேணும்" என்றார் தலைவர்.

எல்லாரும் பலகையையே பார்த்துக்கொண்டு சொறிந்தார்கள். கடைசியில் முத்துக்குட்டியே சொன்னார்: "எல்லை நமக்கு முன்னால போனா, நாம எப்படித் தாண்டுவோம்?"

கடப்பாரை வந்தது. பெயர்ப்பலகையைக் கம்பக்காலோடு பிடுங்கினார்கள். பலகை முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, கம்பக்காலை நாலு பேர் தோளில் வைத்துக்கொண்டார்கள். தலைவர் உட்பட ஒருத்தரும் பலகையை முந்தாமல், வரிசையாக ஆற்றில் இறங்கி மேலக்கரைக்குப் போனார்கள்.

மாடனை மட்டும் காவலுக்கு விட்டுப் போனார்கள். அந்தக் குழியில் மேலக்கரைக்காரன் தன் பலகையைக் கொண்டுவந்து நட்டுவிட்டால் ஊரே போய்விடுமே!

கொஞ்ச நேரத்தில் கல்லூரி அம்மா குப்பிகளோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பலகையைக் காணோம். குழிக்குள் செவலை சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. உடம்பில் ஓர் உண்ணி இல்லை. பக்கத்தில் கம்போடு மாடன்.

"ஏங்க, இது தொங்கலாங்குளந்தானே?"

மாடன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டான்.

"இல்லைம்மா. ஊரு ரேஷன் வாங்கப் போயிருக்கு. சாயங்காலத்துக்குள்ள வந்துரும், உக்காருங்க."