யானையை மிதித்த முயல்

ஒரு காட்டில் முயல் ஒன்று தன் வாசல் மரத்தில் யாளியைப் பொறித்து வைத்தது. அதனால் ஒரு குட்டி செத்தது. சொல்ல நன்றாக இல்லை. ஆனால் நடந்தது அதுதான்.

அந்தக் காட்டில் வளைக்கு வளை குலச்சின்னம் உண்டு. முள்ளம்பன்றிக்கு ஒரு முள். நரிக்கு வால். முயலுக்கு இரண்டு நீளக் காது. அழகுக்கு வைத்ததில்லை அதெல்லாம். ஆற்றில் வெள்ளம் வந்தால் மலையம்மை என்ற யானை கரையோரமாக வருவாள். சின்னத்தைப் பார்ப்பாள். சின்னஞ்சிறுசுகள் வீடு என்றால் தும்பிக்கையை உள்ளே விட்டுத் தூக்கி மேட்டில் விடுவாள். கரடி, சிறுத்தை வீடு என்றால் கிட்டப் போகமாட்டாள். அவர்கள் தம்மைத் தாமே பார்த்துக்கொள்வார்கள்.

முயலின் பெயர் நெடுஞ்செவி. அவனுக்குத் தன் சின்னம் பிடிக்கவில்லை.

“என்ன காது வீட்டுக்காரரே, அங்கே ஓர் இலை அசைந்ததே, இன்னும் ஓடவில்லையா?” என்று முள்ளம்பன்றி தினமும் கேட்கும். கேட்டுக் கேட்டு அவன் மனம் புண்ணாகிப் போயிற்று.

ஒரு நாள் மரங்கொத்தியைக் கூப்பிட்டான்.

“இந்தக் காதைக் கொத்தி எறி. யாளி வை.”

“யாளியா? சிங்க முகம், யானைத் தந்தம். நீ பார்த்திருக்கிறாயா?”

“யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள்.”

“காலடியில் ஒரு யானை கிடக்கவேண்டும். அதுதான் யாளிக்கு முறை. யானையையும் அடக்கும் வீடு என்று பொருள்.”

“கிடக்கட்டும். நன்றாக மிதிக்கட்டும்.”

அவன் மனைவி சாம்பலிக்குப் பொறுக்கவில்லை. “நம் வீட்டில் யார் ஐயா யானையை மிதித்தது? எறும்பை மிதித்தாலே நீங்கள் துள்ளுவீர்கள்.”

“நீ பேசாமல் இரு.”

சின்னம் நன்றாகத்தான் வந்தது. முள்ளம்பன்றி வாயைத் திறக்கவில்லை. நரி சுற்றுவழியில் போயிற்று. நெடுஞ்செவி பத்து நாள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். அந்தப் பத்து நாள்தான்.

பதினோராம் நாள் காலை ஆறு கரை புரண்டது. புல் மேயப் போயிருந்த நெடுஞ்செவியும் சாம்பலியும் தலைதெறிக்க ஓடிவந்தார்கள். வளைக்குள் மூன்று குட்டிகள். மலையம்மையோ அந்த மரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

“ஆத்தா! என் குட்டிகள் உள்ளே இருக்கின்றன! விட்டுவிட்டுப் போகிறாயே!”

மலையம்மை திடுக்கிட்டுத் திரும்பினாள். “உன் வீடா இது? யானையை மிதிக்கிறவன் வீட்டுக்கு யானை எதற்கு என்று நடந்துவிட்டேனே, அப்பா!”

தும்பிக்கையை உள்ளே விட்டாள். ஒரு குட்டி வந்தது. இன்னொன்று வந்தது. மூன்றாவதும் வந்தது. அதற்கு மூச்சில்லை.

“காதைப் பார்த்திருந்தால் முதலில் இங்கேதான் வந்திருப்பேன்” என்றாள் மலையம்மை. குட்டியைக் கீழே வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

முள்ளம்பன்றி தயங்கித் தயங்கி வந்தது. “அண்ணே, நான் சும்மா கேலிக்குத்தான்...”

நெடுஞ்செவி வெள்ளம் வடிந்த பிறகும் மரத்தடியிலேயே கிடந்தான். யாளியை நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை, அதைத் தொடவும் கை வரவில்லை. அதைப் பட்டையோடு கடித்துக் கடித்துப் பெயர்த்துப் போட்டு, அந்த இடத்தில் தன் பல்லாலேயே மலையம்மை கண்ணில் படும்படி ஒரு சின்ன முயல் காலடியைக் கீறி வைத்தவள் சாம்பலி.

நீதி: இல்லாத பலத்தை வாசலில் எழுதி வைத்தால், இருக்கிற துணையும் வாசலோடு போய்விடும்.